மஞ்சள் அட்டை

மீன்பிடிக் கப்பலேறும் முன் டோர்லைஃப்
சாவியோடு ஒரு துண்டுச் சீட்டும் தந்தான்.
பதினோரு தொட்டி. வாரம் ஒரு தடவை.
முதலில் விரலை மண்ணில் விடு,
ஈரம் தட்டினால் திரும்பிப் போ.
அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

நான் தினமும் ஊற்றினேன்.

நவம்பர் கடைசியில் சூரியன் போயிற்று.
டிரோம்ஸோவில் அது போனால்
திரும்பி வர ஜனவரி ஆகும்.
பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு
நடுப்பகலின் நீல இருட்டில் படியேறுகிறவளுக்கு
குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு
வரிசையாகப் பரிமாறிப் போவது ஒரு வேலை.
போதும் என்று இலையை மறிக்கத் தெரியாத
பதினோரு விருந்தாளிகள்.

டிசம்பர் நாலாம் தேதி
முதல் பூச்சி என் காப்பியில் மிதந்தது.
மிளகுத்தூள் என்றே நினைத்தேன்.
காப்பியில் யார் மிளகு போடுவார்கள்?
மறுநாள் பெகோனியாவின் இலையை விலக்கினேன்,
மண்ணிலிருந்து ஒரு பிடி புகை எழுந்தது.

கொசுவுமில்லை, ஈயுமில்லை.
கடிக்காது, ரீங்காரம் கிடையாது,
பறப்பதும் ஒழுங்காக வராது.
எதற்கு வந்தோம் என்பதை மறந்த மாதிரி
மூக்குக்கு நேரே நின்று யோசிக்கும்.

முதல் வாரம் கைதட்டியே கொன்றேன்.
மேலே என்ன தினமும் கச்சேரி, என்றான்
கீழ்வீட்டு ஓட்வார்.

வினிகரில் இரண்டு சொட்டு சோப்பு கலந்து வைத்தேன்:
பதினேழு.
பட்டைத்தூள் தூவினேன்:
வீடெல்லாம் பண்டிகை வாசனை,
அவற்றுக்கும் பண்டிகை.
உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி
மண்மேல் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.
காலையில் புரட்டிப் பார்த்திருக்கக் கூடாது.
கறுப்புத் தலை, கண்ணாடி உடம்பு,
நூல்நூலாய் நெளிந்தன,
என் தண்ணீரில் பிறந்தவை அத்தனையும்.

எத்தனை நாளுக்கு ஒரு தரம் ஊற்றுகிறாய்?
செடிக்கடை யோருன் கேட்டாள்.
இரண்டு நாளுக்கு, என்று பொய் சொன்னேன்.
அதற்கே அவள் தலையில் கைவைத்தாள்.
பசை தடவிய மஞ்சள் அட்டை ஒரு கட்டு கொடுத்து,
குவளையை எங்காவது பூட்டி வை, என்றாள்.

மஞ்சள் என்றால் போதும், ஓடி வருகின்றன.
பூ என்று நினைக்குமோ, விடிந்தது என்று நினைக்குமோ,
வந்தது வந்தபடி ஒட்டிக்கொள்கிறது.
சிரிக்க எனக்கு உரிமையில்லை.
காலை ஆறரைக்கு
டாக்டர் எழுதிக்கொடுத்த விளக்கின் முன்
அரைமணி நேரம் முகத்தைக் காட்டி
அசையாமல் உட்காருகிறவள் நான்.

அட்டை சுலபம். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.
பன்னிரண்டு நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை.
மண் சுருங்கித் தொட்டியின் விளிம்பைக் கைவிட்டது.
வெள்ளை லில்லி தலையைத் தொங்கப்போட்டு
செத்தேன் செத்தேன் என்றது.
கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் திணித்துக்கொண்டு
அதன் எதிரில் நின்றேன்,
அழும் பிள்ளையைத் தூக்காமல் நிற்கிறவள் போல.
பிறகு சலித்த மணலை
ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன்.
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும்.

ஜனவரி இருபத்தொன்று.
ஊரே ஜாம் வைத்த பன்னைக் கடித்தபடி
மலைமுகட்டைப் பார்த்து நின்றது.
நான் ஜன்னலுக்கு உள்ளே.
நாலு நிமிஷ வெயில்
அட்டைமேல் விழுந்தது.
இருநூற்றுப் பதினாலு புள்ளிகள்.
ஒன்றுக்கு மட்டும் இறக்கை
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
எண்ணிக்கையில் அதைச் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் டோர்லைஃப் வந்தான்,
தாடியும் டீசல் நாற்றமுமாக.
பத்துத் தொட்டிகளையும் ஒரு வெற்றிடத்தையும் பார்த்தான்.
பெகோனியா அழுகிவிட்டது, என்றேன்,
நான்தான் அழுகவைத்தேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மணலை ஒதுக்கி லில்லியின் மண்ணில் விரலை விட்டான்.
ஐயோ, காய்ந்து கிடக்கிறதே,
என்று குவளையை எடுத்துக் குழாயைத் திறந்தான்.
பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தேன்.
இன்னும் இரண்டு நாள் போகட்டும்.

குழாயை மூடத்தான்
இருவருக்கும் கை ஒழியவில்லை.